கசக்குதா?

"அக்கா, அந்த பாட்டிலைத் திறக்காதே!"

தம்பி போட்ட கத்தலுக்கு அக்கா நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் அக்காவா? பச்சைப்பசேலென்று இருந்த தண்ணீரை டம்ளரில் ஊற்றி, கட்டிலில் சாய்ந்திருந்த தம்பி மனைவியின் கையில் திணித்தாள்.

"கசக்கும். ஒரு சொட்டு மிச்சம் வைக்கக்கூடாது."

"டாக்டர் என்ன சொன்னார்? கீமோ முடியற வரைக்கும் இலை, வேர், கஷாயம்னு எதுவும் கூடாதுன்னாரா இல்லையா?"

"சொன்னார், சொன்னார். அதுக்கென்ன இப்போ?"

தம்பி மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். போன தடவை உடம்பில் நீர் வற்றி, ரத்தப் பரிசோதனை சரியில்லை என்று கீமோ ஏற்றாமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவையும் தள்ளிப்போனால் என்ன ஆவது? தம்பிக்கு அதே கவலை.

அதிலும் அவன் விஷயம் தெரிந்தவன். ஆராய்ச்சிக்காரன். புற்றுக்கட்டி வளர ரத்தம் வேண்டும். அதற்காகப் பக்கத்து ரத்தக்குழாயிலிருந்து தனக்கென்று புதுக் குழாய்களை இழுத்துக்கொள்ளும், தெருக் குழாயில் திருட்டு இணைப்பு எடுக்கிற மாதிரி. அந்த இணைப்பைத் தடுக்கிற சத்து எந்தச் செடியில் இருக்கிறது என்று தேடுவதுதான் அவன் உத்தியோகம்.

"அட, செடிதானேடா உனக்குச் சோறு போடுது! நான் தொட்டா மட்டும் தப்பாக்கும்?"

"அக்கா, நாங்க சோதிக்கிறது தட்டுல. மனுஷனுக்குக் கொடுக்கிற நிலைக்கு இன்னும் வரலை. இவளுக்கு ஏத்துற மருந்துகூட ஒரு மரப்பட்டையிலேர்ந்து கண்டுபிடிச்சதுதான். அதை எத்தனை வருஷம் சோதிச்சு, உயரம் எடை பார்த்து அளந்து ஏத்துறாங்க! நீ என்ன இலைன்னே சொல்லாம ஊத்துறே. ரெண்டும் உள்ளே போய் மோதிக்கிட்டா?"

"மலையிலேர்ந்து வருது. பேரைச் சொன்னா பலிக்காது."

"கேட்டியா இவ பேசறதை?" என்று மனைவி பக்கம் திரும்பினான். அவளோ முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள். எங்கே கொட்டிவிடுவாளோ என்று அவளுடைய இன்னொரு கையை அக்கா கெட்டியாகப் பிடித்திருந்தாள். போலீஸ்காரி தோற்றாள்!

இதில் வேடிக்கை என்னவென்றால், கல்யாணமான நாளிலிருந்தே இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். அண்ணி என்று அவள் கூப்பிடுகிற இந்த நாத்தனார் வருகிறாள் என்றாலே அவளுக்குத் தலைவலி வந்துவிடும். இப்போது என்னடாவென்றால், அண்ணி எதைக் கொடுத்தாலும் வாயைத் திறக்கிறாள். எல்லாம் நேரம் என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

ஆனாலும் விடுவானா? மறுநாள் பாட்டிலிலிருந்து கொஞ்சம் திருடி லேபுக்குக் கொண்டுபோனான்.

ரத்தக்குழாய் செல்களைத் தட்டில் விட்டால் ஒன்றோடொன்று கைகோத்து வலை பின்னிக்கொள்ளும். வீரியமுள்ள சத்து விழுந்தால் அந்த வலை அறுந்துபோகும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு தட்டில் மட்டும் மருந்து எதுவும் கலக்காத தண்ணீரை விடுவது லேப் வழக்கம்.

அடுத்த நாள் காலை, கூட வேலை பார்க்கிற அம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் வந்து நின்றார்.

"சார், உங்க மூலிகைத் தட்டும் தண்ணித் தட்டும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு. சந்தேகப்பட்டு மெஷின்லயும் போட்டுப் பார்த்துட்டேன். சர்க்கரை, உப்பு, அப்புறம் கேக்குக்குப் போடற பச்சைக் கலர். இது எந்த மலையில விளையுது சார்?"

விஷம் இல்லையே என்று தம்பி சந்தோஷப்பட்டிருக்கலாம். அவனுக்கு வந்ததோ கோபம். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அக்காவைச் சமையலறையில் மடக்கினான்.

"நோயில படுத்திருக்கிறவளைப் போய் ஏமாத்துறியே, உனக்கு மனசாட்சியே கிடையாதா?"

அக்கா சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள்.

"மெதுவாடா, அவ காதுல விழுந்துடப் போகுது! தண்ணி குடின்னு டாக்டர் சொன்னார், நீயும் தொண்டை கிழியச் சொன்னே. குடிச்சாளா? பார்த்தாலே குமட்டுதுன்னா. அப்புறம்தான் நர்ஸம்மாகிட்ட கேட்டு உப்பும் சர்க்கரையும் கலந்தேன். மருந்துன்னு சொன்னதும் பாட்டில் பாட்டிலா உள்ளே போகுது."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"உன்கிட்டயா? உன் மூஞ்சியே ஊரைக் கூட்டிச் சொல்லிடும். அதோட, நீ குதிச்சாத்தானே அவளும் நிஜ மருந்துன்னு நம்புவா!"

ஆஸ்பத்திரியிலிருந்து மத்தியானம் போன் வந்திருந்தது. ரத்தம் நன்றாக இருக்கிறதாம், நாளைக்கே கீமோ ஏற்றலாமாம். அது யாருடைய கைங்கரியம் என்று தம்பிக்கு இப்போதுதான் புரிந்தது. கண் கலங்கிவிட்டது. அக்கா பார்த்துவிட்டால் அதற்கும் கிண்டல் செய்வாள் என்று, அவள் கலக்கி வைத்திருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு மனைவியிடம் நழுவினான்.

மனைவி ஒரு வாய் குடித்தாள். உடனே முகம் கோணிக்கொண்டது. தம்பிக்குச் சிரிப்பு முட்டியது.

"ரொம்பக் கசக்குதா?"

அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

"கசப்பாவது ஒண்ணாவது! உப்புச் சர்க்கரைத் தண்ணிங்க இது. முதல் வாயிலேயே தெரிஞ்சுபோச்சு."

"அடிப்பாவி! அப்புறம் எதுக்கு இந்த நடிப்பு?"

அக்காவின் காலடிச் சத்தம் கேட்டது. மனைவி அவசரமாக முகத்தைச் சுளித்துக்கொண்டு, காலியாக இருந்த கையைப் போர்வைக்கு வெளியே நீட்டி வைத்தாள்.

"சும்மா இருங்க. கசக்கலைன்னு தெரிஞ்சா அண்ணி கையை விட்டுடுவாங்க."