அறுபத்தோராவது கார்டு

திருத்தணி மலைப்படியை ஏறி முடிக்க அறுபது பேருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று புனிதவதி தன் ஆய்வுக்காகக் குறித்திருந்தாள். அந்தக் காலக் கம்ப்யூட்டர் படிப்பதற்காக ஆளுக்கொரு கார்டில் எண்ணைத் துளையிட்டு, அவை இயல்நிலைப் பரவலின் மணி வடிவ வளைவில் அடங்குகின்றனவா என்று பார்க்கச் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் கொடுத்தாள். ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று நாள்தான் இருந்தது.

அடங்கவில்லை. அச்சான தாளில் அறுபத்தொரு பேர் இருந்தார்கள். மற்றவர்கள் அரை மணிக்குள் ஏறியிருக்க, கடைசி ஆளுக்கு மட்டும் 187 நிமிடம்.

அது அவள் அக்கா ஏறிய நேரம். தங்கை புனிதவதி எம்.எஸ்ஸி. பாஸானதற்கு வேண்டுதலாக, முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறினாள். அக்கா இறந்து ஒரு வருடமாகிறது. அந்த எண்ணைப் புனிதவதி எந்தக் கார்டிலும் போடவில்லை.

"ஒரு கார்டு ஜாஸ்தியா கீதுங்க," என்றார் ஆபரேட்டர் ஜெகநாதன். "எடுத்துட்டா டெஸ்ட் சரியா வந்துடும்."

புனிதவதி அந்தக் கார்டை வாங்கிப் பார்த்தாள். ஒவ்வொரு துளைக்கும் கீழே மஞ்சள், அதன்மேல் குங்குமம். இன்னும் ஈரம் காயவில்லை.

அதைக் கட்டின் கடைசியிலேயே திரும்ப வைத்தாள்.

"இருக்கட்டுங்க. எங்கக்கா மெதுவாத்தான் வரும்."