கரையிலேயே நின்ற மனுஷன்

"நாயைக் கூட்டிட்டு வந்தா மட்டும் போதுமா? கொஞ்சம் பக்கத்துல வாங்க!"

நீச்சல் குளத்தின் இடுப்பளவு வெதுவெதுப்பான தண்ணீரில் நின்றுகொண்டு மாரித் கத்தினாள். நாய்களுக்கு நீச்சல் சிகிச்சை கொடுப்பவள் அவள். ஹால்வார் காதில் வாங்கினால்தானே! சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். இத்தனைக்கும் காலமெல்லாம் மீன்பிடிப் படகிலேயே கிடந்த மனுஷர்.

அவருடைய கறுப்பு நாய் ராஸ்க் படிக்கட்டை விட்டு அசையவே இல்லை. பின்னங்கால் முறிந்து ஆபரேஷன் முடிந்திருந்தது. நீந்தவைத்தால்தான் காலில் பலம் வரும். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் நொண்டிதான்.

மாரித் நாய்க்குப் பிடித்த ஈரல் விழுதைக் காட்டினாள். பந்தைப் போட்டாள். கெஞ்சினாள். ஊஹூம்!

"நீங்க இறங்கிக் கூப்பிட்டா கட்டாயம் வரும்."

"என்னால ஆகாது."

தன் குட்டைக்கால் நாயோடு முறை வரட்டும் என்று காத்திருந்த குன்வோர் அம்மாள், காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "துரைக்கு பேன்ட் நனைஞ்சிடும்ல!"

மாரித்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னிக்கும் இறங்கலேன்னா இனிமே வராதீங்க. வீண் அலைச்சல்."

ஹால்வார் நாயையே கொஞ்ச நேரம் பார்த்தார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

"அடப்பாவி! நாயை விட்டுட்டே கிளம்பிட்டானே!" என்றாள் குன்வோர்.

கிளம்பவில்லை. காரிலிருந்து ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

குன்வோர் சிரித்த சிரிப்பில் காப்பி சிந்தியது. "இடுப்பளவு தண்ணிக்கு இதா! படகுக்காரராம்!"

மாரித்தும் சிரித்துவிட்டாள். அவர் இரண்டு கையாலும் படிக்கட்டுக் கம்பியை இறுக்கிக்கொண்டதைப் பார்த்ததும்தான் அடக்கிக்கொண்டாள்.

இரண்டு படி இறங்கினார். மூன்றாவதில் கால் வழுக்கியது. ஜாக்கெட் அவரை மல்லாக்கப் புரட்டிப் போட, கையைக் காலை உதறி, வாய் நிறையத் தண்ணீர் குடித்தார்.

மாரித் எட்டுவதற்குள் ராஸ்க் பாய்ந்துவிட்டது. ஜாக்கெட்டின் கழுத்துப்பட்டையைக் கவ்வி, அவரைப் படிவரை இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது.

"உதைக்குது! அந்த முறிஞ்ச காலாலயே உதைக்குதுங்க!" மாரித் தண்ணீரிலேயே துள்ளினாள்.

குன்வோரின் குரல் இறங்கியது. "கடல்ல பொழப்பு நடத்துறீங்க, நீச்சல் தெரியாதா?"

"எங்க படகுல யாருக்குமே தெரியாதும்மா. அந்த ஐஸ் தண்ணியில நீந்தத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டோம்."

"அது சரி, சொல்லிக் குடுத்த மாதிரி கழுத்துப்பட்டையைக் கவ்வுதே, எப்படி?" என்றாள் மாரித்.

"பழக்கம்தான். போன குளிர்காலத்துல நான் துறைமுகத்துல விழுந்தப்பவும் இப்படித்தான் இழுத்துச்சு. படகுக்கும் கரைக்கும் நடுவுல மாட்டி அது கால் முறிஞ்சது அப்பதான்."

ஹால்வார் இருமி, தாடியைத் துடைத்துக்கொண்டார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மறுபடி ஒரு படி இறங்கினார்.

"சொல்லும்மா, அதுக்குக் கால் சரியாகணும்னா நான் இன்னும் எத்தனை தடவை விழணும்?"