ரங்கூன் அண்ணன்

ராணுவ ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தும், ரங்கூனில் அண்ணன் இருப்பதாகச் சொன்னதால் செண்பகவல்லிக்குப் பாதுகாப்பு அனுமதியை மறுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டில் அதிகாரி பைலைப் புரட்டினார்.

"ஏம்மா, வீட்டுல நீங்க ஒரே புள்ளைன்னு போட்டிருக்கு. அண்ணன் எங்கேருந்து வந்தாரு?"

"பெரியப்பா மகன் சார்."

"அடக் கடவுளே! அப்ப வெளிநாட்டுல அண்ணன்னு யாருமே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. வேலை உங்களுக்குத்தான்."

ஆசைப்பட்ட வேலை ஒரு பொய்யின் தூரத்தில் நின்றது.

"எப்படி சார் சொல்றது? நேத்துகூடப் போன் பண்ணி, சாப்பிட்டியா தங்கச்சின்னு கேட்டுச்சே!"

சொல்லிவிட்டு, போய்விடலாம் என்று எழுந்தாள். அதிகாரி மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

"உக்காரு தங்கச்சி. அண்ணன் பேரைச் சொல்லு, அதையும் எழுதியே அனுமதி தரேன்."