மூன்று முறை வரவில்லை

“நீ வரலன்னா நான் கதை படிக்க மாட்டேன்மா. மேடையிலேர்ந்து எறங்கி வந்துடுவேன்.”

தலையைப் பின்னக் கொடுத்துக்கொண்டே செவ்வந்தி சொன்னாள். படிப்பது மூன்றாம் வகுப்பு, பேச்சு மட்டும் பன்னிரண்டாம் வகுப்பு. இன்று மூன்று மணிக்குப் பெற்றோர் கூட்டத்தில், தானே எழுதிய கதையைப் படிக்கப்போகிறாள். ஆட்டுக்குட்டி தொலைந்துபோகிற கதை. பத்து நாளாகக் கேட்டுக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது.

“அப்பா வரட்டும்டி” என்றாள் தங்கமணி, ரிப்பனை இழுத்து முடிந்தபடி.

“நான் எப்பிடி வர்றது? மரவள்ளி லோடு ஏத்திக்கினு சின்னசேலம் போவணும். ஜவ்வரிசி ஆலையில டோக்கன் போட்டாச்சு” என்றான் கண்ணாயிரம். “போன மூணு தபாவும் நான்தான் போய்க் குந்திக்கினு வந்தேன். சுத்தியும் பொம்பளைங்க. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு.”

“நோட்டப் பாரும்மா. டீச்சர் எழுதிக் குடுத்துருக்காங்க.”

செவ்வந்தி நோட்டை நீட்டினாள். சிவப்பு மையில் மூன்றே வரி. ‘வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். தாயார் மூன்று முறை வரவில்லை. பெற்ற பிள்ளையைவிடப் பெரிய வேலை என்ன?’

தங்கமணிக்குச் சுருக்கென்றது. கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். அதன் கீழே கையெழுத்துப் போடும்போது அவமானமாக இருந்தது.

“டீச்சர் கேக்கறதும் நாயந்தானே” என்றான் கண்ணாயிரம்.

“நாயந்தான். நீங்க வேற எடுத்துச் சொல்லணுமா?”

“அப்போ வருவியாம்மா?”

“கேட்டுப் பாக்கறேன்டி.”

“போன தபாவும் இதத்தான் சொன்ன” என்று நோட்டைப் பிடுங்கிப் பைக்குள் வைத்தாள் செவ்வந்தி.

ஓட்டமும் நடையுமாகப் போய் சங்கராபுரத்தில் மலைக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்தாள் தங்கமணி. மேலே ஏறிவிட்டால் டவர் கிடைக்காது. அதனால் பஸ் கிளம்புவதற்கு முன்பே தெய்வசிகாமணி சாருக்குப் போன் போட்டாள்.

“சார், இன்னிக்கு மத்தியானத்துக்கு மேல பர்மிசன் வேணும் சார். பொண்ணு ஸ்கூல்ல கூட்டம்.”

“இன்னிக்காம்மா? வேற எந்த நாளு கேட்டிருந்தாலும் குடுத்துருப்பேன். இன்னிக்குத்தான் அத்தினி ஜனமும் வருது. இருக்கறதே நாம ரெண்டு பேரு. நீங்களும் போய்ட்டீங்கன்னா நான் ஒண்டி ஆளா இன்னா பண்றது?”

“புள்ள அழுவுது சார்.”

தெய்வசிகாமணி நல்ல மனுஷர்தான். “எனக்கு மட்டும் மனசு இல்லியாம்மா? வழி இல்லியே” என்றார்.

ஜன்னலோரம் உட்கார்ந்தவளுக்கு வளைவுக்கு வளைவு ஆத்திரம் ஏறியது. சார் மேல் இல்லை, அந்தச் சிவப்பு மையின் மேல். கையில் பேனா இருந்தால் யாரை வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்டுவிடலாமா? எந்தத் தாய் வேண்டுமென்றே வராமல் இருப்பாள்? எழுதினவளுக்கு என்ன, எழுதிவிட்டுப் போய்விடுவாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

மதியம் சோறு இறங்கவில்லை. இரண்டரைக்கெல்லாம் ஜனம் வரத் தொடங்கிவிட்டது. தங்கமணி பாய்களை விரித்தாள், குடத்தில் தண்ணீர் நிரப்பி வைத்தாள், வந்தவர்களை “வாங்க, வாங்க” என்று உட்கார வைத்தாள். கண் மட்டும் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

மணி மூன்று ஐந்து. இந்நேரம் செவ்வந்தி மேடையில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆட்டுக்குட்டி தொலைகிற இடத்துக்கு வந்துவிட்டாளோ, இல்லை, சொன்ன மாதிரியே பாதியில் இறங்கிவிட்டாளோ. யாரும் பார்க்காதபோது தங்கமணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றரைக்கு ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள். கால் முழுக்கச் செம்மண், இடுப்பில் சுருட்டிச் செருகிய காலிச் சாக்கு. மலைக்கிராமத்து முனியனின் பெண்சாதி தைலம்மாள்.

“லேட்டாய்டுச்சும்மா, கோச்சிக்காதீங்க. கடுக்கா சீசனு. காட்டுக்குள்ள இருந்தேன். பொறுக்குனத அப்பிடியே கொட்டிட்டு ஓடியாறேன்.” மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். “இத்தக் கொஞ்சம் படிச்சிச் சொல்லுங்கம்மா. எனக்குப் படிக்கத் தெரியாது. எம் புள்ளயப் படிக்கச் சொன்னா, படிக்காம அழுவறான். ராவுக்குச் சோறுகூடத் துன்னல. இன்னா தப்புப் பண்ணிட்டான்னே தெரியல.”

தங்கமணி நோட்டைப் பிரித்தாள். சிவப்பு மையில் மூன்றே வரி.

‘வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். தாயார் மூன்று முறை வரவில்லை. பெற்ற பிள்ளையைவிடப் பெரிய வேலை என்ன?’

எல்லாப் பள்ளிக்கூடத்திலும் வழக்கமாக எழுதுகிற அதே வரிகள். நேற்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவளே ஏழு நோட்டுகளில் ஒரே மூச்சாக எழுதித் தள்ளியது. அடியில் கையெழுத்து இருந்தது: க. தங்கமணி, மூன்றாம் வகுப்பு ஆசிரியை.

“இன்னா எழுதியிருக்குது டீச்சரம்மா?”

“உம் புள்ள நல்லாப் படிக்கிறானாம்” என்றாள் தங்கமணி. “அம்மாவுக்கு எவ்ளோ வேல இருந்தாலும் அவன் மேல உசுருன்னு எழுதியிருக்குது.”