மிச்சத் தண்ணீர்

மூன்று பேருந்து மாறி, முள்காட்டுக்கு நடுவே இருக்கும் அந்தப் பழைய ஊருக்குப் போனது கோட்டை ஓவியங்களைப் பார்க்கத்தான். கோட்டை பூட்டிக் கிடந்தது. சாவி, கோட்டையைப் பார்த்துக்கொள்ளும் பூரணத்தாயின் இடுப்பில் தொங்கியது. அவளோ தன் வீட்டு வாசலை விட்டு அசைவதாக இல்லை.

“மொதல்ல தண்ணியக் குடிங்க. வந்தவுகளுக்குத் தண்ணி குடுக்காம சாவிய எடுக்கக் கூடாது.”

குடத்தை முழுக்கச் சாய்த்து, அடியில் கிடந்ததையெல்லாம் வடித்து ஒரு செம்பை நிரப்பித் தந்தாள். உப்புக் கரித்தது. திரும்பும் பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எரிச்சலில் இரண்டு மடக்கு குடித்துவிட்டு மிச்சத்தை வாசலில் கொட்டினேன்.

மண்ணில் காயும் ஈரத்தையே பார்த்தாள். பிறகு சாவியை மடியில் செருகிக்கொண்டாள்.

“பஸ் வந்துரும், கெளம்புங்க.”

செம்பை நீட்டினேன். வாங்காமல் கதவைச் சாத்தினாள்.

பேருந்தில் ஏறியதும் நடத்துனர் என் கையிலிருந்த செம்பைப் பார்த்தார்.

“யாரு வீட்டுத் தண்ணியக் கொட்டுனீக?” என்றார்.