ஒரு விரல் இரும்பு

இடுப்புயரத்துக்கு ஏறி நின்ற லிஃப்டின் மேல் பைக் இருந்தது. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தேநீர்த் தட்டோடு வந்தவள் கராஜ் வாசலிலேயே உறைந்து நின்றாள்.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் அவள் கணவரின் கால்களும் இதே இடத்தில், இதே மாதிரிதான் நீட்டிக்கொண்டிருந்தன.

இந்தக் கால்கள் அசைந்தன. “டீயை அப்படி ஓரமா வைம்மா தங்கச்சி,” என்றது அடியிலிருந்து ஒரு குரல்.

பைக் பிரியர் சங்கத் தலைவரின் குரல். இறந்துபோன உறுப்பினரின் வீட்டிலேயே, அவரைக் கொன்ற லிஃப்டை வைத்தே பாதுகாப்பு வகுப்பு நடத்துவதுதான் உண்மையான அஞ்சலி என்று சங்கத்தில் தீர்மானம் போட்டவர். முன்மொழிந்ததும் அவரே, வழிமொழிந்ததும் அவரே என்று கேள்வி.

“முன் சக்கரத்தைக் கவ்வியில இறுக்கணும். ரெண்டு பக்கமும் பட்டை போட்டு இழுத்துக் கட்டணும். நல்லா ஆட்டிப் பாத்துட்டுத்தான் பெடலை மிதிச்சு மேல ஏத்தணும். இதெல்லாம் நம்ம நண்பர் ஒழுங்காத்தான் செஞ்சிருந்தார். ஒண்ணே ஒண்ணுதான் செய்யல. லாக் பின் போடல! அதைப் போட்டிருந்தா, எண்ணெய் கசிஞ்சு லிஃப்ட் இறங்கினாலும் அந்த இரும்பு தாங்கிப் பிடிச்சிருக்கும்.”

வகுப்புக்கு வந்திருந்த உறுப்பினர்களில் ஒருவரான கணக்கு வாத்தியார் குனிந்து பார்த்தார். “தலைவரே, நீங்களும் போடலையே?”

கால்கள் இருந்த இடம் சட்டென்று காலியானது. அறுபது வயதுக்கு அந்த வேகம் கொஞ்சம் அதிகம்தான்.

“கவனிக்கிறீங்களான்னு பாத்தேன்,” என்று சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார் தலைவர். வருகைத் தாளை வாங்கிக் கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டு, வாத்தியாரின் பேனாவைத் தன் சட்டைப் பையில் செருகினார்.

“அது என் பேனா...”

“அட, கை பாட்டுக்குப் போயிடுது!” திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். “இந்த லிஃப்டோட பின் எங்கம்மா?”



லிஃப்டோடு வந்த லாக் பின் லொடலொடவென்று ஆடுகிறதே என்று, ஒரு பழைய அச்சை அறுத்து, மூன்று நாள் உட்கார்ந்து அராவி, இந்த ஓட்டைக்கென்றே கணவர் செய்துகொண்ட பின் அது. விரல் தடிமன்தான் இருக்கும். அன்றைக்குக் காலையில் கராஜிலிருந்து குரல் கொடுத்தார்: “என் பின்னைப் பாத்தியா?”

“வெச்ச இடத்துல பாருங்க,” என்றாள் இவள், அடுப்பை விட்டு நகராமல்.

அதற்கு முந்தின நாள்தான் கராஜைப் பெருக்கி, துருப்பிடித்த சாமான்களை ஒரு வாளி நிறையப் பழைய இரும்புக்காரரிடம் போட்டிருந்தாள். பார்த்தா போட்டாள்? அள்ளிப் போட்டாள்.

யாரிடமும் சொல்லவில்லை. மூன்று தடவை இரும்புக்காரரின் கிடங்குக்குப் போய்க் குவியலைக் கிளறினாள். “என்னம்மா தேடுற?” என்றார் அவர். “ஒரு ஆணி,” என்றாள். குக்கர் ஆவி விட்டால்கூட அவளுக்கு லிஃப்ட் இறங்கும் அந்த நீளமான பெருமூச்சுதான் கேட்கும். கூடவே, பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவது போல, “என் பின்னைப் பாத்தியா?”

“நான்தாங்க தூக்கிப் போட்டுட்டேன்,” என்று காலி வீட்டுக்குப் பதில் சொல்வாள். மறுநாளும் அதே கேள்வி வரும்.

“பின்... காணோம்ணா,” என்றாள் இப்போது.

“கேட்டுக்கங்க! கராஜ்ல பின்னே இல்ல!” தலைவரின் குரல் உயர்ந்தது. “விபத்துக்கு முதல் நாள் சாயங்காலம் இதே இடத்துல நின்னு, பின் விஷயத்துல ஜாக்கிரதைன்னு அரை மணி நேரம் வகுப்பெடுத்துட்டுப் போனேன். கேட்டாரா மனுஷன்? இதுக்குப் பேருதான் அலட்சியம்.”

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். செத்தவர் தலையில் அந்தப் பழி விழுவதை அவளால் தாங்க முடியவில்லை. “அவர் மேல தப்பில்லண்ணா. நான்தான்...”

“இரும்மா, நீ அழாத.” தலைவர் தன் கைப்பையைத் திறந்து, சிவப்பு வெல்வெட் துணியில் பொதிந்த ஒன்றை எடுத்தார். ஒன்றரை மாதமாக ஐந்து கூட்டங்களில் உயர்த்திக் காட்டி, மேடையில் தானும் கண்கலங்கி மற்றவர்களையும் கலங்க வைத்த பொருள்.

“மாதிரி காட்ட நான் எப்பவும் ஒண்ணு வெச்சிருப்பேன்,” என்று விரல் தடிமன் இரும்புத் துண்டு ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். “இது மட்டும் இங்க இருந்திருந்தா, அவர் இன்னிக்கு நம்மளோட டீ குடிச்சுக்கிட்டு இருப்பார்! ஒரு லிஃப்டோட பின் இன்னொண்ணுல சேராது. இருந்தாலும் எப்படிப் போடணும்னு பாத்துக்கங்க...”

செருகினார். சொடக்.

“அட, இதுக்குன்னே செஞ்ச மாதிரி உக்காருதே!” என்றார் வாத்தியார்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். மெல்ல வந்து, அந்த இரும்பின் மேலிருந்த அரத்தின் கீறல்களை விரலால் தடவிப் பார்த்தாள்.

“இதைத்தாண்ணா அவர் அன்னிக்குத் தேடினார்.”