நீலக் கட்டம்

உப்பளத்தை மகனுக்கு விடுவதா, விற்றுவிடுவதா என்று கேட்கத்தான் சூசை தங்கை அமலியின் அலுவலகத்துக்கு வந்திருந்தார். தை மாதத்தில் ஒரு மழை போதும், பாத்தி கட்டிய பாடெல்லாம் கரைந்துபோக. முப்பது வருஷம் கழித்து அந்தக் குளிர்கால மழை கூடுமா குறையுமா என்று வட்டாரக் காலநிலை மாதிரியைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. அவள் வரைபடத்தைத் திரையில் விரித்தாள். மாநிலமே சின்னச் சின்னக் கட்டங்களாகக் கிடந்தது. தங்கள் ஊர் இருக்கும் கட்டத்தைத் தேடிப் பெரிதாக்கியவள் அப்படியே நிறுத்திவிட்டாள். அது நீலமாக இருந்தது.

“கடலாப் போட்டிருக்கு” என்றார் சூசை.

பாதிக்கு மேல் தண்ணீர் உள்ள கட்டத்தை முழுக்கக் கடலாகவே வைத்துக்கொள்ளலாம் என்று தொடக்கத்தில் முடிவெடுத்தவள் அவள்தான். மீதி நிலத்தில் யார் இருக்கிறார்கள் என்று அன்றைக்குப் பார்க்கத் தோன்றவில்லை.

“கணக்குக்காக அப்படி வச்சதுண்ணே. மாத்திரலாம்” என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

சூசை கோபப்படவில்லை. உப்பில் வெடித்த விரலை அந்த நீலத்தின் மேல் வைத்தார்.

“இங்க மழை கூடும்னு சொல்லுதா, பிள்ள?”

“கூடும்ணே.”

“யாரு மேல?”